புதியவருக்குப் பாத்திரம் படைத்தல்



கதை கேட்பதில் ஓர் இன்பம் உண்டு. கதை சொல்வதில் மற்றோர் இன்பம் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து, நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அதனை ரோல் பிளேயிங் கேம் என்பர். நாம் பாத்திர விளையாட்டு என்று சொல்லலாம். ஆடுவோர் ஒவ்வொருவரும் கதையில் வரும் ஒருவராகத் தம்மைப் பாவித்துக்கொள்கின்றனர். ஒருவர் மட்டும் நடுவராக இருந்து அந்தக் கதையின் உலகத்தை விவரிக்கிறார். 'உங்கள் முன்னே இடிந்த கோட்டை ஒன்று தெரிகிறது. அதன் வாயில் பாதி திறந்திருக்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று கேட்கிறார். ஆடுவோர் தத்தம் பாத்திரம் செய்வதைச் சொல்கின்றனர். முடிவு இன்னது என்று உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் பகடையை உருட்டி, அது காட்டும் எண்ணைக் கொண்டு மேலே செல்கின்றனர். விளையாட்டு அவ்வளவுதான்.

சதுரங்கத்தில் இருப்பது போன்ற இறுதி வெற்றியும் தோல்வியும் இதில் இல்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு கதைக்குள் வாழ்ந்து திரும்பினோம் என்னும் நிறைவே இதன் பயன். பேசத் தெரிந்தவர், சிறிது கற்பனை செய்யத் தெரிந்தவர் எவரும் இதனை ஆடலாம். ஆயினும் இந்த எளிய விளையாட்டிற்கு வாயில் மட்டும் கடினமாக அமைந்துவிட்டது. புதியவர் ஒருவர் கதைக்குள் நுழையுமுன் தமக்கென ஒரு பாத்திரத்தைப் படைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை சில வேளைகளில் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் விழுங்கிவிடுகிறது.

புதிதாக வந்த மாணவர்களுக்கு நடுவராக அமர்ந்து பல மாலைகளைக் கழித்தவன் நான். ஆடிப் பார்த்து, 'இது நமக்கு ஏற்றதன்று' என்று விலகியவர்கள் சிலர். ஆடிப் பார்க்காமலே, தாளை நிரப்புவதிலேயே களைத்து விலகியவர்கள் அவர்களினும் பலர். அவர்கள் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர். பெரும்பாலும் அடக்கமானவர்கள், 'எனக்கு விளங்கவில்லை' என்று நாலு பேர் நடுவே சொல்லக் கூசுபவர்கள். அடுத்த வாரம் அவர்கள் அமர்ந்திருந்த நாற்காலி வெறுமையாக இருக்கும். காரணத்தை அவர்களும் சொல்லமாட்டார்கள், நாமும் கேட்கமாட்டோம். அத்தகையோரை இழக்காமல் இருப்பது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வகை விளையாட்டுகளுள் முதலில் அச்சேறி விலைக்கு வந்தது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது. அமெரிக்க நாட்டில், விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ் என்பவரும், மினசோட்டா மாநிலத்தவரான டேவ் ஆர்னெசன் என்பவரும் சேர்ந்து இதனை ஆக்கினர். 1974 ஆம் ஆண்டில், மூன்று சிறு நூல்கள் அடங்கிய ஒரு பெட்டியாக இது வெளிவந்தது. முதலில் அச்சிடப்பட்டவை ஆயிரம் படிகளே.

அந்த முதற் பதிப்பில் பாத்திரம் படைக்கும் முறை மிகச் சுருக்கமானது. வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, சுறுசுறுப்பு, பிறரைக் கவரும் ஆற்றல் என ஆறு பண்புகள். ஒவ்வொன்றுக்கும் ஆறு முகப் பகடைகள் மூன்றை உருட்டிக் கூட்டி ஓர் எண் எழுத வேண்டும். பிறகு போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு என்னும் மூன்று தொழில்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இருக்கும் பொற்காசுகளுக்கு வாளோ கயிறோ விளக்கோ வாங்கிக்கொண்டால் பயணத்திற்கு ஆயத்தம். பாத்திரம் முழுவதையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிவிடலாம்.

கணக்குப் பயிலும் மாணவர்களுக்கு இம்முறையில் ஒரு சுவை உண்டு. மூன்று பகடைகள் விழக்கூடிய வகைகள் 216. அவற்றுள் 18 என்னும் கூட்டுத்தொகை வருவது ஒரே ஒரு வகையில்தான். 3 வருவதும் அப்படியே. ஆனால் 10 வருவதற்கு 27 வகைகளும், 11 வருவதற்கு 27 வகைகளும் உள்ளன. 9 முதல் 12 வரையுள்ள எண்களை மட்டும் சேர்த்துப் பார்த்தால் 104 வகைகள். அதாவது ஏறக்குறையப் பாதி. ஆகவே பெரும்பாலோர் நடுத்தர மனிதராகவே பிறப்பர். பெருவலி படைத்தவர் அரிதாகவே தோன்றுவர். பண்புகளைத் தேர்ந்தெடுக்கும் சுமையைப் பகடை ஏற்றுக்கொண்டது. 'நான் தவறாகத் தேர்ந்துவிட்டேனோ' என்ற அச்சத்திற்கு அங்கே இடமில்லை.

நாளடைவில் அந்த அஞ்சலட்டை விரிந்து பெரிய தாளாயிற்று. 1975 இல் திருடர் என்னும் தொழில் சேர்ந்தது. பிறகு வேறு தொழில்களும் குலங்களும் வந்தன. 2000 ஆம் ஆண்டின் பதிப்பில், திறமைகளுக்குப் புள்ளிகளைப் பகிர்ந்தளிக்கும் முறையும், தனிச்சிறப்புகளைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் முறையும் அமைந்தன. அச்சிறப்புகளுள் சில, வேறு சிலவற்றை முன்னரே பெற்றவர்க்கே கிட்டும். எனவே முதல் நாளிலேயே எதிர்காலத்தையும் எண்ணித் திட்டமிட வேண்டியதாயிற்று. 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பின் கைந்நூலை எடுத்துக்கொள்வோம். அதில் குலங்கள் 9, தொழில்கள் 12, பாத்திரத்தின் முன்வாழ்வைக் குறிக்கும் பின்னணிகள் 13. இம்மூன்றையும் பெருக்கினால் 1404 சேர்க்கைகள் வருகின்றன. நாளுக்கு ஒன்றாக ஆராய்ந்தாலும் நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் வேண்டும்! மந்திரவாதியாக விரும்பும் புதியவரோ இவற்றுக்கு மேலும், எளிய மந்திரங்கள் மூன்றையும், முதல் நிலை மந்திரங்கள் ஆறையும் முதல் நாளிலேயே தேர்ந்துகொள்ள வேண்டும்.

இவ்விரிவைக் குறைகூறுவது என் நோக்கமன்று. பழகியவர்க்கு இந்த வளம் விருந்தாகும். ஆனால் புதியவருடைய துன்பம் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகக் காண வேண்டும். தேர்வுகள் பலவாக இருப்பது ஒரு துன்பம்தான். அதனினும் பெரிய துன்பம், அவற்றின் பயன் தெரியுமுன்னே தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பது. ஒரு பண்டத்தைச் சுவைத்தே அறியாதவரிடம், 'இதில் உப்பு எவ்வளவு இருக்க வேண்டும்?' என்று கேட்டால் அவர் என்ன விடை சொல்வார்? பக்கத்திலிருப்பவர் முகத்தைத்தான் பார்ப்பார்.

பக்கத்திலிருப்பவரும் உதவ விரைகிறார். 'இதை எடுத்துக்கொள்; அதை விட்டுவிடு; வலிமையைக் குறைத்துச் சுறுசுறுப்பைக் கூட்டு; இந்த மந்திரம் பயனற்றது' என்று சொல்லிக்கொண்டே தாளை நிரப்பிக் கொடுத்துவிடுகிறார். வேலை விரைவில் முடிகிறது. தாளும் பிழையின்றி அமைகிறது. ஆனால் அந்தப் பாத்திரம் யாருடையது? எழுதியவருடையது. புதியவர் பிறர் சட்டையை அணிந்துகொண்டு வந்தவரைப் போல அமர்ந்திருக்கிறார். ஆட்டம் தொடங்கியபின்னும், 'இப்பொழுது நான் என்ன செய்ய வேண்டும்?' என்று அந்த நண்பரையே கேட்கிறார். எளிமை என்ற பெயரால் அவருக்குரிய இன்பத்தையே எடுத்துவிட்டோம்.

ஆகவே எளிமைப்படுத்த முனைவோர் முதலில் ஒரு பிரிவினை செய்துகொள்ள வேண்டும். பாத்திரம் படைப்பதில் இரண்டு வேலைகள் கலந்துள்ளன. ஒன்று கணக்கு: எண்கள், கூட்டல் கழித்தல், பட்டியல்கள், பொருள்களின் விலை. மற்றொன்று ஆள்: இவர் யார், எதை நாடிப் புறப்பட்டார், யாரை நம்புகிறார், எதற்கு அஞ்சுகிறார். கணக்கைப் பிறர் செய்து கொடுக்கலாம். நாளைக்கு என்று தள்ளியும் வைக்கலாம். ஆளைப் பிறர் செய்து கொடுத்தல் ஆகாது. நான் சொல்ல வந்ததன் சாரம் இதுவே.

இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே இதற்குச் சான்றுகள் கிடைக்கின்றன. முதற் பதிப்பின் நூல்கள், படைவீரர் பொம்மைகளை வைத்துப் போர் விளையாட்டு ஆடிப் பழகியவர்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. பிறருக்கு அவை எளிதில் விளங்கவில்லை. அதனால் 1977 இல், ஜான் எரிக் ஹோம்ஸ் என்பவர் புதியவர்க்கென ஒரு தொடக்கநூலைத் தொகுத்துத் தந்தார். அவர் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் கற்பித்த மருத்துவர். அவர் நூல் பாத்திரத்தின் முதல் மூன்று நிலைகளோடு நின்றுவிட்டது. அதற்குமேல் வருவதை இப்பொழுது சொல்ல வேண்டியதில்லை என்று துணிந்ததே அந்நூலின் நன்மை.

1981 இல் டாம் மோல்ட்வே செய்த பதிப்பு வேறொரு சுருக்கத்தைக் கையாண்டது. அதில் குள்ளர், எல்ஃப், ஹாஃப்லிங் என்னும் குலங்களே தொழில்களாகவும் அமைந்தன. குலம் ஒரு தேர்வு, தொழில் மற்றொரு தேர்வு என்று இரண்டாக இருந்தது ஒன்றாயிற்று. மொத்தம் ஏழு வகைகளே. வேலை பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு சுருக்கத்திற்கும் ஒரு விலை உண்டு என்பதையும் இது காட்டுகிறது. எல்ஃப் குலத்தார் அனைவரும் ஒரே தொழிலினர் ஆயினர். திருடராக வாழும் குள்ளர் ஒருவரைப் படைக்க விரும்பியவர்க்கு இடமில்லாமற் போயிற்று.

1983 இல் ஃபிராங்க் மென்ட்சர் எழுதிய பதிப்பே இவ்வகையில் மிகவும் துணிவானது. சிவப்புப் பெட்டி என்று இன்றும் பலர் அன்போடு நினைவுகூர்வது இதனையே. அதன் முதல் நூலைத் திறந்தால், பாத்திரம் படைக்கும் விதிகள் முன்னே வரவில்லை, கதை வருகிறது. நீங்கள் ஒரு போர்வீரர், ஒரு குகைக்குள் செல்கிறீர்கள், பாம்பு எதிர்ப்படுகிறது. அலீனா என்னும் சமயகுரு ஒருத்தியைச் சந்திக்கிறீர்கள். பார்கில் என்னும் கொடிய மந்திரவாதியால் அவள் மாண்டுபோகிறாள். தனியே அமர்ந்து படிக்கும் இக்கதையின் நடுவே, இன்னது நிகழும்போது இந்த எண் பயன்படும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார் ஆசிரியர். சொந்தப் பாத்திரம் படைக்கும் பகுதி பின்னரே வருகிறது. அப்பொழுது புதியவருக்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு நிகழ்ச்சியோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். உடலுறுதி என்றால் பாம்பின் பல் நினைவுக்கு வரும். உப்பின் அளவைக் கேட்குமுன் ஒரு கவளம் ஊட்டிவிட்டார் என்று சொல்லலாம்.

அண்மைக் காலத்திலும் இத்தகைய முயற்சிகள் தொடர்ந்துள்ளன. 2012 இல் வந்த டஞ்சன் கிரால் கிளாசிக்ஸ் என்னும் விளையாட்டில், ஒவ்வொருவருக்கும் இரண்டு முதல் நான்கு எளிய மாந்தர் தரப்படுகின்றனர். உழவர், கொல்லர் போன்ற அவர்கள் தொழிலைக்கூடப் பகடையே முடிவு செய்கிறது. அவர்கள் ஆபத்து நிறைந்த இடத்திற்குச் செல்கின்றனர், பலர் மடிகின்றனர், தப்பிப் பிழைத்தவரே பிறகு வீரராகவோ மந்திரவாதியாகவோ ஆகின்றார். தேர்வு இங்கே ஆட்டத்தின் பின்னே வருகிறது. அதே ஆண்டில் வெளிவந்த டஞ்சன் வேர்ல்டு என்னும் விளையாட்டிலோ, ஒவ்வொரு தொழிலுக்கும் தனித் தாள் உண்டு. தேர்ந்தெடுக்க வேண்டியவை அத்தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கும், குறியிட்டால் போதும். பெரிய நூலைப் புரட்ட வேண்டுவதில்லை. அதனோடு, உடன் வரும் தோழர்களுடன் தமக்குள்ள உறவைக் குறிக்கும் வாக்கியங்களில், பெயருக்குரிய இடம் மட்டும் நிரப்புவதற்காக வெறுமையாக விடப்பட்டிருக்கும். முதற் காட்சிக்கு முன்னரே பாத்திரங்களுக்குள் ஒரு கடனும் ஒரு நன்றியும் ஓர் ஐயமும் தோன்றிவிடுகின்றன.

1404 சேர்க்கைகள் கொண்ட ஐந்தாம் பதிப்பின் ஆசிரியர்களும் இத்தேவையை உணராதவர்கள் அல்லர். 2014 இல் அவர்கள் விலையின்றி வெளியிட்ட அடிப்படை விதிகளில் குலங்கள் நான்கு, தொழில்கள் நான்கு என்று குறைத்தனர். அவ்வாண்டே வந்த தொடக்கப் பெட்டியில் ஐந்து பாத்திரங்களை எழுதி முடித்தே வைத்தனர். ஆனால் பெயரை மட்டும் எழுதவில்லை. அதை ஆடுபவரே இட வேண்டும். கணக்கைச் செய்து கொடுத்து, ஆளின் வாயிலில் ஒரு சாவியை வைத்தது போன்றது அது.

இவற்றிலிருந்து, நீங்கள் உங்கள் விடுதியிலோ வீட்டிலோ நண்பர்களைக் கூட்டி ஆடும்போது பின்பற்றத்தக்க ஒரு முறையைச் சொல்கிறேன். நடுவராக அமர்பவர் முன்னதாகவே ஆறு தாள்களை ஆயத்தம் செய்துகொள்ளட்டும். ஆடுவோர் நால்வரே ஆயினும் தாள்கள் ஆறாக இருக்கட்டும்; கடைசியாக வருபவருக்கும் தேர்ந்தெடுக்க இடம் வேண்டும் அல்லவா? அத்தாள்களில் கணக்கு முழுவதையும் முடித்து வைக்க வேண்டும். ஐந்தாம் பதிப்பில் 15, 14, 13, 12, 10, 8 என்று ஆயத்தமான எண்வரிசை ஒன்று தரப்பட்டுள்ளது. அதனை அப்படியே பயன்படுத்தலாம். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பண்பின் எண் 14 என்றால், பகடையோடு கூட்டப்படுவது 2 மட்டுமே. ஒரு பண்புக்கு இரண்டு எண்கள் இருப்பது புதியவரைப் பெரிதும் குழப்புகிறது. எனவே முதல் நாள் தாளில் கூட்ட வேண்டிய எண்ணை மட்டும் பெரிதாக எழுதுக. மற்றதை மடித்த பக்கத்தில் வைத்துக்கொள்க.

அடுத்து, தொழிலைக் குறித்து விதிகளின் மொழியில் பேசாமல், ஒரே ஒரு வினாவைக் கேட்க வேண்டும். 'ஆபத்து எதிர்ப்பட்டால் நீ முதலில் என்ன செய்பவனாக இருக்க விரும்புகிறாய்? முன்னே பாய்ந்து தாக்குபவனா? நிழலில் மறைந்து சுற்றி வருபவனா? யாரும் அறியாத ஒன்றை அறிந்து பயன்படுத்துபவனா? அடிபட்ட தோழனிடம் ஓடுபவனா?' இவ்வினாவிற்கு விடை சொல்ல எந்த நூலும் படித்திருக்க வேண்டுவதில்லை. தன்னையும் தன் ஆசையையும் அறிந்திருந்தால் போதும். விடை வந்தவுடன் அதற்குரிய தாளைக் கையில் கொடுத்துவிடலாம்.

தாளில் மூன்று இடங்கள் மட்டும் வெறுமையாக இருக்கட்டும். முதலாவது பெயர். இரண்டாவது, இவர் எதைத் தேடிப் புறப்பட்டார் என்பது. மூன்றாவது, இங்குள்ள தோழர்களுள் யாரை முன்பே அறிவார், எவ்வாறு அறிவார் என்பது. இம்மூன்றையும் புதியவரே நிரப்ப வேண்டும். ஒரு வாக்கியத்திற்கு மேல் வேண்டா. நடுவர் எடுத்துக்கொடுத்தல் கூடாது. கேட்டால் மட்டும், இரண்டு மூன்று வழிகளைச் சொல்லி விலகிக்கொள்ள வேண்டும். கால் மணி நேரத்தில் இவ்வளவும் முடிந்துவிடும். முடிந்தவுடன் கதையைத் தொடங்கிவிட வேண்டும்.

ஒரு மாணவி இவ்வாறு அமர்கிறாள் என்று கொள்வோம். நிழலில் மறைந்து செல்பவளைத் தேர்ந்துகொண்டாள். தேடிப் புறப்பட்டது எதனை என்ற இடத்தில், 'சுரங்க வேலைக்குச் சென்று திரும்பாத அண்ணனை' என்று எழுதினாள். கதை தொடங்கியது. பழைய சுரங்கத்தில் மூடிய கதவு ஒன்று. அவளுடைய தாளில் பூட்டைத் திறக்கும் திறமை எழுதப்பட்டிருக்கிறது. அவளோ அதைப் பார்க்கவில்லை. 'கதவின் கீழ்ச்சந்தில் விளக்கொளி தெரிகிறதா என்று குனிந்து பார்க்கிறேன்' என்றாள். எந்தப் பட்டியலிலும் இல்லாத செயல் அது! இப்பொழுதுதான் நடுவர் பகடையைக் கையில் கொடுத்து, 'இதோ உன் தாளில் கவனம் என்று ஒரு சொல் இருக்கிறது. அதன் பக்கத்திலுள்ள எண்ணை இதனோடு கூட்டிக்கொள்' என்று சொல்ல வேண்டும். தேவை வந்தது, உடனே விதியும் வந்தது. இனி அந்த எண்ணை அவள் மறக்கமாட்டாள். அதனினும் முக்கியமானது, பூட்டை உடைக்குமுன் குனிந்து பார்ப்பவள் என்று தன் பாத்திரத்தின் இயல்பை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். தாளில் எழுதி வைத்த எந்தக் குணமும் இதற்கு ஈடாகாது.

மற்றப் பொருள்களைத் தள்ளிவைப்பதிலும் ஒரு முறை வேண்டும். மந்திரவாதிக்கு முதல் மாலையில் இரண்டு மந்திரங்கள் போதும். மற்றவற்றை அடுத்த மாலையில் அவரே தேர்ந்துகொள்ளட்டும். பையில் என்னென்ன உள்ளன என்று பட்டியல் எழுத வேண்டா. பயணத்திற்கு வேண்டிய பொதுவான பொருள்கள் உள்ளன என்று கொண்டு, கயிறு தேவைப்படும்போது கயிற்றை எடுத்துக்கொள்ளட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, 'இரண்டாம் மாலை தொடங்குமுன் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். தொழிலையே மாற்றினும் தடையில்லை' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தவறாகத் தேர்ந்துவிடுவோமோ என்ற அச்சத்திற்கு இதனினும் சிறந்த மருந்து எனக்குத் தெரியவில்லை. திருத்தலாம் என்று அறிந்தவர் துணிந்து எழுதுகிறார். திருத்த முடியாது என்று எண்ணுபவரின் எழுதுகோல் நகர்வதில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. பாத்திரத்தைப் படைப்பதே ஓர் இன்பமன்றோ, அதைக் குறைப்பது முறையா என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. 1977 இல் மார்க் மில்லர் எழுதிய டிராவலர் என்னும் விண்வெளி விளையாட்டில், பாத்திரத்தின் இளமைப்பருவப் பணிவாழ்க்கை முழுவதையும் பகடை உருட்டியே அறிய வேண்டும்; ஆட்டம் தொடங்குமுன்னே அப்பாத்திரம் இறந்துபோகவும் கூடும்! அதனையே தனி விளையாட்டாக ஆடி மகிழ்ந்தவர்கள் உண்டு. அத்தகைய சுவையுடையவர் நம் மேசைக்கு வந்தால், பெரிய நூலையே அவர் கையில் கொடுத்து விடலாம். தடுப்பானேன்? எளிய வழி எல்லார்க்கும் விதியாக வேண்டா. அது வேண்டுவோர்க்குத் திறந்திருந்தால் போதும். யார் எத்தகையவர் என்று அறிய, முதலில் கேட்டுப் பார்ப்பதே வழி.

எளிமையாக்கினால் ஆழம் குறையும் என்று கூறுவாரும் உளர். கணக்கின் ஆழம் முதல் நாளில் குறையும் என்பது உண்மை. ஆனால் கதையின் ஆழத்தைத் தருவது கணக்கன்று. அண்ணனைத் தேடி வந்த தங்கை, அவன் பகைவரோடு சேர்ந்துவிட்டதைக் காணும்போது மேசையில் ஓர் அமைதி விழுகிறதே, அந்த அமைதிக்கு எந்தப் பட்டியலும் காரணமன்று. வெறுமையாக விட்ட இடத்தில் அவள் தன் கையால் எழுதிய ஒரு வாக்கியமே காரணம்.

இன்னும் ஒன்று உங்களுக்குச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். நான் கூறிய ஐந்தாம் பதிப்பின் கைந்நூல் ஆங்கிலத்தில் 320 பக்கங்கள் கொண்டது. நம் மாணவருள் ஆங்கிலத்தை விரைந்து படிப்போரும் உண்டு. தயங்கிப் படிப்போரும் உண்டு. தயங்கிப் படிப்பவருக்கு இவ்வாயில் இருமடங்கு கடினம். ஆனால் விளையாட்டோ பேச்சினால் நடப்பது. அப்பேச்சு தமிழாக இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. வலிமை, விவேகம், உடலுறுதி என்று தாளில் எழுதினால் பகடை உருள மறுப்பதில்லை. விதியைத் தாய்மொழியில் சொல்லிப் பார்ப்பதால் நடுவருக்கும் ஒரு நன்மை உண்டு. தம் சொந்தப் பேச்சில் சொல்ல வராத விதியைத் தாமே இன்னும் சரியாக அறியவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே, நண்பர்களே, அடுத்த முறை ஒரு புதியவர் உங்கள் மேசைக்கு வரும்போது, நூலை அவர் முன் விரிக்காதீர்கள். 'உனக்கு என்ன பெயர் வைக்கலாம்? நீ எதைத் தேடி வந்தாய்?' என்று கேளுங்கள். விடை வரச் சற்று நேரமாகலாம், பொறுத்திருங்கள். அவர் சொல்லும் முதல் வாக்கியம் எளியதாக இருக்கலாம், நகைக்காதீர்கள். அது அவருடைய வாக்கியம். அதனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவர் கோட்டைக்குள் நுழையப் போகிறார். எண்களையெல்லாம் உள்ளே சென்றபின், வழியில் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்வார்.